பால்பாண்டியின் இரண்டு குரல்கள்

மலையாளக் கரையில், தம்பானூர் ரயில் ஸ்டேஷன் பக்கத்து ஒரு சைவ ஹோட்டலில் பால்பாண்டி முப்பத்திரண்டு வருஷம் சப்ளையராக இருந்தார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் ரயிலேறி வந்தவர். மேசையில் யார் என்ன கேட்டாலும் எழுதிக்கொள்ள மாட்டார். நின்ற இடத்திலிருந்தே அடுக்களைக்குக் குரல் கொடுப்பார். "ரெண்டு நெய் ரோஸ்ட், அதுல ஒண்ணு முறுகல்" என்றால், கல்லில் எண்ணெய் சீறுகிற சத்தத்தைத் தாண்டி அது போய்ச் சேரும். அதைக் கத்தல் என்று யாரும் சொன்னதில்லை. அப்படிக் கணீரென்று இருக்கும்.

அந்தக் குரலைத்தான் பகவான் திரும்ப வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்க நமக்கு அறிவு போதாது. தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. கழுத்தில் போட்ட துளை வழியே மூச்சு போய்வந்தது. வாயும் நாக்கும் அசைந்தன, ஒலிதான் இல்லை. ஹோட்டல் முதலாளி கைவிடவில்லை. பின்கட்டில் காய் நறுக்க உட்கார வைத்தார்.

நாலு மாதம் கழித்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷெமி என்ற பெண், சின்ன டார்ச் லைட் போல ஒரு கருவியைக் கையில் தந்தாள். கழுத்தில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் அது அதிரும். அந்த அதிர்வை வாய் சொல்லாக்க வேண்டும். பால்பாண்டி முதலில் சொன்னது "பிள்ளையாரப்பா" என்று. தகரடப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் அது வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற மனைவி பிரேமா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பேடிக்கண்ட சேட்டா, பயப்படாதீங்க" என்றாள் ஷெமி. பாதி மலையாளமும் பாதி தமிழுமாக அவள் ஒரு விஷயம் சொன்னாள். இயந்திர மனிதன் கதையெல்லாம் படமாக வந்த காலத்தில், எந்திரம் பேசினால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தொண்டையில் வைத்து அதிர வைக்கிற இந்த மாதிரிக் கருவிகளைக் கொண்டுதான் சில படங்களில் அந்தச் சத்தத்தை உண்டாக்கினார்களாம். அதனால்தான் இதைக் கேட்டவுடனே எல்லாருக்கும் ரோபோ ஞாபகம் வருகிறது என்றாள்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்டேஷன் ஒலிபெருக்கி "யாத்ரக்காருடெ ஸ்ரத்தக்கு" என்று பயணிகளைக் கூப்பிட்டது. தேன் ஒழுகுகிற பெண்குரல். அது ஆள் இல்லை, கம்ப்யூட்டர்தான் என்று மகன் பிரவின்ராஜ் முன்பே சொல்லியிருந்தான். பால்பாண்டி நின்று கேட்டார். எந்திரம் ஒருநாள் பேசும் என்று கதை கட்டியவர்கள் அதைச் சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கரகரவென்று பேசும் என்று நினைத்தார்களே, அந்தக் கரகரப்பு எந்திரத்துக்குப் போகவில்லை. தன் தொண்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். மகள் பொன்செல்விக்கு வரன் வந்தபோதுதான் தாங்க முடியவில்லை. ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த முதல் கூட்டத்தை, கருவியை வைத்து "வாங்க" என்று அழைத்தார். அவர்களோடு வந்த குழந்தை "ரோபோ தாத்தா" என்று சிரித்தது. மூன்றாம் நாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஜாதகம் முன்னே பொருந்தித்தான் இருந்தது. வந்தவர்களுக்கென்று எடுத்த டம்ளர்களைப் பொன்செல்வி அன்றைக்கே திரும்பப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அதனால் நாகர்கோவில் வரன் வந்தபோது பால்பாண்டி வாயைத் திறக்கவில்லை. தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று மட்டும் தரகர் சொன்னார். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. பெண் பிடித்துப்போயிற்று. ஆனால் நிச்சயதாம்பூலத்தில் என்ன செய்வது? அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மூன்று தடவை சம்மதம் கேட்பார். பெண்ணைப் பெற்றவன் சபையில் மூன்று தடவையும் பதில் சொல்ல வேண்டும்.

பிரவின்ராஜ் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தங்கச்சியின் சடங்கு வீடியோவில் அப்பா மைக் பிடித்துப் பேசியதை எடுத்துப் போனுக்குள் என்னவோ செய்தான். "வாங்க, சாப்பிடுங்க" என்று எழுதி அமுக்கினான். பழைய குரல் வந்தது. பால்பாண்டியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"முன்னால இதெல்லாம் கதையில மட்டும்தான்ப்பா இருந்துச்சு. இப்பம் நம்ம போன்ல இருக்கு."

பால்பாண்டி மகளைப் பார்த்தார். "உங்க இஷ்டம்ப்பா" என்று அவள் குனிந்துகொண்டாள். போன் குரலே பேசட்டும் என்பதுதான் அவள் இஷ்டம் என்று அவருக்குப் புரிந்தது.

நிச்சயத்தன்று காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கிழக்கேகோட்டையில் பிடித்திருந்த சிறிய ஹாலுக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா திரவியம் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார்: "உம்ம மக பொன்செல்விய எங்க வீட்டுக்குக் குடுக்க முழுச் சம்மதம்தானா?"

பிரவின்ராஜ் அமுக்கினான். "முழுச் சம்மதம்" என்றது போன். முப்பத்திரண்டு வருஷம் ஹோட்டலில் ஒலித்த அதே குரல்.

பெண்கள் பக்கத்தில் பிரேமா விம்மிவிட்டாள். பதின்மூன்று மாதமாக அவள் கேட்காத குரல் அது. அழுதவள் பால்பாண்டியைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். சபையே போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உயிரோடு உட்கார்ந்திருக்கிற தனக்கு யாரோ காரியம் செய்வதுபோல இருந்தது அவருக்கு.

இது முன்பே பதிந்து வைத்ததா என்று திரவியம் கேட்டார். பதிந்ததில்லை, இப்போதுதான் உண்டாக்கியது என்று பிரவின்ராஜ் விளக்கினான்.

"அப்பம் சொன்னது யாரு?"

பிரவின்ராஜ் போனைக் கீழே இறக்கினான். திரவியம் கோபப்படவில்லை. "தம்பி, நான் படிக்காதவன். நாளைக்கு ஒரு வருத்தம் வந்தா நான் யார்ட்ட வந்து நிக்கணும்? உங்கப்பாட்டயா, இந்தப் போன்ட்டயா?"

பொன்செல்வியின் முகம் வெளுத்திருந்தது. போன தடவை போனதுபோல இந்தச் சம்பந்தமும் போய்விடலாம். அது தெரிந்தேதான் பால்பாண்டி சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"என்ட்ட வாங்க அண்ணாச்சி. அது நான் இல்ல. இப்பம் சொல்லுதேன்."

வண்டுச் சத்தம் ஹால் முழுதும் கேட்டது. பின்னால் ஒரு பிள்ளை களுக்கென்றது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். திரவியத்துக்குப் பாதி விளங்கவில்லை. தாம்பாளத்தைத் தள்ளி வைத்து நெருங்கி உட்கார்ந்தார். "முதல்லேருந்து கேக்கேன்" என்று மறுபடி கேட்டார். பால்பாண்டி சொன்னார். இரண்டாம் தடவையும் சொன்னார். மூன்றாம் தடவை கருவி வேர்வையில் வழுக்கி விலகிவிட்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் பதறிக் கருவியைத் தேடுவதற்குள் திரவியம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டாச்சு" என்றார். தாம்பூலத் தட்டு கைமாறியது.

பந்தி நடக்கும்போது பிரவின்ராஜ் போனிலிருந்து அந்தக் குரலை அழிக்கப் போனான். பிரேமா தடுத்தாள்.

"அழிக்காண்டாம் மக்கா. கெடக்கட்டும். ஆனா அவரு இருக்கையில அது பேசண்டாம்."

பால்பாண்டி காதில் அது விழுந்தது. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்செல்வி பாயச வாளியோடு வந்து நின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்பாவிடம் தலையாட்டினால் போதும் என்கிற கேள்விகளையே கேட்டு வந்தாள். இப்போது, "கல்யாணத்த எங்க வைக்கலாம்ப்பா?" என்றாள். கேட்டுவிட்டு, அவர் இடது கையால் கருவியை எடுத்துக் கழுத்தில் சரியாக வைக்கிறவரை, வரிசையில் அடுத்தவர் காத்திருக்க, அங்கேயே நின்றாள்.