அயர்லாந்துக்காரரைப் பாருக்குக் கூட்டிப்போன மதியம்

நான் குடியை விட்டு அப்போது ஏழு மாதம். இன்னொரு முறை வாயில் வைத்தால் உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பிரம்மதேசம் கிராமத்துக்கு, தன் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாக உங்கள் அம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அதனால்தான் அன்று நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

ஆரோவில் பக்கம் தங்கியிருந்த ஒரு அயர்லாந்துக்காரரை உப்பளம் காட்ட என் வாடகைக் காரில் அழைத்து வந்தேன். அறுபது வயதிருக்கும். வெயிலில் முகம் சிவந்துபோய், இங்கே பப் எங்கே என்று கேட்டார். பப் இல்லை சார், பார்தான் என்றேன். இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தேன். இல்லையாம்.

என் அரைகுறை இங்கிலீஷில் பிடிபட்டது இவ்வளவுதான். அவர் ஊர் பப் வீட்டுக் கூடம் மாதிரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளோடு போவார்களாம். சாவு எடுத்த பிறகு ஊரே அங்கேதான் உட்காருமாம். கறுப்பு பீரை ஊற்றிவிட்டு அது தெளியும்வரை பேசிக்கொண்டே காத்திருப்பார்களாம். ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால், அடுத்தது இன்னொருவர் முறை. தன் முறை வருமுன் நழுவுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். குடிக்காதவனுக்கு டீயோ சோடாவோ வரும், அவனும் கூட்டத்தில் ஒருவன்தான். அங்கேயும் குடித்துக் கெட்டவர்கள் உண்டு, தன் அண்ணனே அப்படித்தான் செத்தான் என்றும் சொன்னார். அப்புறம், உங்கள் பாரைக் காட்டு என்று பிடிவாதம் பிடித்தார்.

ஒயின்ஷாப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தரை முழுக்கக் கசங்கிய பிளாஸ்டிக் டம்ளரும் வாட்டர் பாக்கெட்டும். மூத்திர வாடை. மூலையில் யாரோ எடுத்த வாந்தியின்மேல் மண்ணைப் போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டடி தள்ளி ஒருவர் ஊறுகாயை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார். இதே இடத்தில் நானும் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். அப்போது எதுவும் கண்ணில் பட்டதில்லை.

உப்பு மூட்டை தூக்குகிற ஒருவர், எனக்குத் தெரிந்தவர், இன்னொரு ஆளோடு கட்டிங் போட்டுக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவாட்டரை வாங்கிப் பாதி பாதியாக ஊற்றிக்கொள்வது அது. அயர்லாந்துக்காரர் தன் ஊர் வழக்கப்படி பிராந்தி வாங்கி நான்கு டம்ளரில் ஊற்றினார். ஒன்று என் முன்னால் வந்தது.

"எடுப்பா டிரைவரு. வெள்ளக்காரன் ஊத்திக் குடுக்குறான், நீ இன்னா யோசிக்கிற?" என்றார் மூட்டை தூக்குகிறவர்.

"விட்டுட்டேன்பா."

"விட்டவன் பார்ல இன்னா பண்ற, சாமி கும்புட வந்தியா?"

சப்ளையரிடம் ஒரு சோடா கேட்டேன்.

"வெறும் சோடாவாங்க? அது மிக்சிங்குக்குங்க. இத்தினி வருசத்துல நீங்கதான் மொத ஆளு."

கொட்டகையே சிரித்தது. அந்த நாற்றத்திலும் டம்ளரைப் பார்த்து எனக்கு எச்சில் ஊறியது. மூலையில் கிடந்த வாந்தியைவிட என் வாயில் ஊறிய எச்சில்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. டம்ளரை மூட்டை தூக்குகிறவர் பக்கம் தள்ளினேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தன்னுடையதையும் என்னுடையதையும் மடக் மடக்கென்று விழுங்கினார், தரையில் துப்பினார், போய்விட்டார். கூட இருந்தவனும் போய்விட்டான்.

அயர்லாந்துக்காரர் தன் டம்ளரைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது அவர்கள் முறையாயிற்றே, திரும்பி வருவார்களா என்று கேட்டார். வரமாட்டார்கள் சார் என்றேன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்றார். பேச வரவில்லை சார், குடிக்க வந்தார்கள் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் அந்த வாடை. ஓடி வந்த நீங்கள் பாதியில் நின்றுவிட்டீர்கள். சின்னவள் மூக்கைப் பொத்தினாள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"பாருக்கு. கஸ்டமர கூட்டினு போனேன். குடிக்கல."

"வாயத் தொறந்து ஊதுங்க."

ரோட்டில் போலீஸ் ஊதச் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு கூசியதில்லை. உங்கள் முன்னால் ஊதினேன்.

"இன்னொரு தபா."

ஊதினேன். அவள் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். பிறகு என் சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய் வெளியே இருந்த வாளியில் போட்டாள்.

நான் குளித்துவிட்டு வந்த பிறகுதான் சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.