நூற்று எழுபத்தொன்பதோடு நின்ற மார்வா

மார்வா டென்லிங்கரைப் பற்றி இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும், அப்புறம்தான் பேச்சு வரும். பிடிவாதக்காரி, அழுத்தக்காரி, கல்நெஞ்சுக்காரி என்று ஆளுக்கொரு பட்டம் வைத்திருக்கிறார்கள். பாதிப் பட்டங்கள் என் சலூன் நாற்காலியில் வைக்கப்பட்டவை. முடி வெட்டிக்கொண்டே சிலதை நானும் வைத்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

ஆனால் போன பிப்ரவரிக் கடைசியில் நடந்ததை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும். அதில் கேவலமாக நடந்துகொண்டவன் நான்.

பகலில் மார்வாவுக்கு தானியக் கிடங்கில் எடை மேடை வேலை. அறுவடை நேரத்தில் சோள லாரிகள் நெடுஞ்சாலை வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். எடையைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லி ஒவ்வொருவனும் கெஞ்சுவான், திட்டுவான், சிரித்துப் பேசிப் பார்ப்பான். அவள் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய சொந்தத் தம்பி டேல் ஒருமுறை, "இருபது பவுண்டு கூடப் போட்டா குறைஞ்சா போயிடுவக்கா?" என்று கேட்டான். "முதல்ல மேடையிலேர்ந்து இறங்கி நின்னு கேளு. உன் தொப்பையும் சேர்ந்து ஏறுது" என்றாள். கல்யாணம் ஒன்று நடந்தது, நாலு வருஷத்தில் முடிந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அந்தாள் பொய் சொல்லுவான்."

மாலையானால் ஆஸ்ட்ராண்டர் கல்லூரி ஜிம். பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இருபத்தேழு வருஷமாக ஸ்கோர் எழுதுபவள் அவள்தான். கம்ப்யூட்டர் கொடுத்தார்கள், அதிலும் தட்டுவாள். ஆனால் பென்சிலையும் நோட்டையும் விடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஆட்டக் கடிகாரம் ஓட்டுபவன் நான், ஆர்லோ ரவுஷ். இருபத்தேழு வருஷமும் என் பாப்கார்னில் பாதியைத் தின்றவள் அவள். ஒரு தடவைகூடத் தனக்கென்று வாங்கியதில்லை.

ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர்ப் பிள்ளைக்கு உள்ளூர் ஸ்கோர்காரன் கொஞ்சம் தாராளமாக எழுதுவான். குறிதவறித் திரும்பி வரும் பந்தைப் பிடித்தால் அது ரீபவுண்ட். பிடிக்காமல் பக்கத்தில் நின்றிருந்தாலும் சில ஊரில் அது ரீபவுண்ட்தான். பிராண்ட் கல்லூரிக்காரன் இருக்கிறானே, கூரையில் மோதிய பந்தையும் தன் பெண் பேரில் எழுதிக்கொள்வான். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. மார்வா ஒருத்திதான் அந்த வழக்கத்துக்கு வெளியே. அவள் மேஜையில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பந்துகூடச் சும்மா கிடைத்ததில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், போன வருஷம் எங்கள் அணியின் பெரிய ஆட்டக்காரி லேசி டென்லிங்கர். டேலின் மகள். மார்வா தன் மடியில் போட்டு வளர்த்த தம்பி மகள். ஆறடி உயரம், இரும்பு முழங்கை. பண்ணையில் விடிகாலை மாட்டுக்கொட்டகை வேலையை முடித்துவிட்டு காலேஜுக்கு வரும் பெண். அது அவளுக்குக் கடைசி வருஷம்.

எங்கள் லீக்கில் பத்துக் கல்லூரிகள். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் பத்து கோச்சுகளும் ஓட்டுப் போட்டு வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரியைத் தேர்ந்தெடுப்பார்கள். தன் பெண்ணுக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. ஆஸ்ட்ராண்டருக்கு அந்தப் பட்டம் ஒருமுறைகூட வந்ததில்லை. போன வருஷம் போட்டியில் இருந்தது இரண்டே பேர்: எங்கள் லேசி, பிராண்டின் ஆட்ரா வாஸ். கோச்சுகளுக்கு எல்லா ஆட்டத்தையும் பார்க்க ஏது நேரம்? தாளில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். லேசிக்கு ஆட்டத்துக்குச் சராசரி இருபது புள்ளி வந்துவிட்டது. ரீபவுண்ட் பத்து வந்தால் போதும், பட்டம் அவளுக்கு என்று ஊரே பேசியது. பதினெட்டு ஆட்டம், நூற்று எண்பது பந்து.

சனிக்கிழமை மதியம் கடைசி லீக் ஆட்டம். நாங்கள் சுலபமாக ஜெயித்தோம், லீக்கில் இரண்டாமிடம். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது ஒரு பந்து வளையத்தில் பட்டு எகிறியது. லேசி தாவினாள், விரல் நுனி பட்டது, பந்து எதிரணிப் பெண்ணின் காலில் மோதி வெளியே ஓடியது. யார் கைக்கும் வராமல் வெளியே போன பந்து அணிக்குத்தான் சேரும், ஆளுக்குச் சேராது. அதுதான் விதி. மார்வா அணிப் பேரில் எழுதினாள். மணி அடித்தது. நூற்று எழுபத்தொன்பது. வகுத்துப் பார்த்தால் ஒன்பது புள்ளி ஒன்பது.

விளையாட்டு டைரக்டர் ஹெக் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "மார்வா, ஒண்ணே ஒண்ணுங்க. அந்தக் கடைசிப் பந்து. விரல் பட்டுச்சே!"

"பட்டுச்சு. பிடிக்கல."

"உங்க தம்பி பொண்ணுங்க அது!"

"அது எனக்குத் தெரியாதா?" என்று பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஹெக் என் பக்கம் திரும்பினார். மேஜையில் உட்கார்ந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் ஸ்கோரில் திருத்தம் அனுப்பலாம். மைக்கில் பேசுகிறவன் ஏற்கெனவே போட்டுவிட்டான். நானும் போட்டேன். என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றுகூட நினைத்தேன், முட்டாள்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை வைத்துச் சாப்பிடும் நாள். மசித்த உருளைக்கிழங்கின் மேல் நூடுல்ஸை ஊற்றிக்கொண்டே நான் வாயைத் திறந்தேன். "லேசி கண்ணு, கவலைப்படாதே. பத்து ஆயிடுச்சு. நேத்தே திருத்தியாச்சு."

மார்வா தட்டை மேஜையில் வைத்தாள். "யாரு கையெழுத்து?"

நான் நூடுல்ஸைப் பார்த்தேன்.

"இருபத்தேழு வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்திருக்க ஆர்லோ. உனக்கு வெக்கமா இல்ல?"

"அட விடு தாயே, ஒரு பந்துதானே!"

லேசி எழுந்துவிட்டாள். "அத்தை, எல்லா ஊர்லயும்தான் கூடப் போடறாங்க. அந்த ஆட்ரா எண்ணிக்கையில பாதி புளுகுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு போட்டா என்ன? நாலு வருஷமா முட்டி தேய ஆடியிருக்கேன்!"

"நீ பிடிச்ச நூத்தி எழுபத்தொம்போதும் எனக்குத் தெரியும்டி. ஒவ்வொண்ணும் நான் கண்ணால பார்த்து எழுதினது. அது பக்கத்துல ஒரு திருட்டுப் பந்தைக் கொண்டுவந்து வச்சா, மிச்சத்தையும் எவன் நம்புவான்? நாளைக்குக் காலையில ஒன்பது கோச்சுக்கும் போன் பண்ணப்போறேன். உன்கிட்ட சொல்லாம செய்யக் கூடாதுன்னு சொல்றேன்."

"பண்ணு. பண்ணிட்டு என் மூஞ்சியில முழிக்காதே." லேசி கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். டேல் அக்காவிடம், "நீயெல்லாம் ஒரு அத்தையா?" என்று கேட்டுவிட்டுப் பின்னாலேயே போனான். சாப்பாட்டுக்கூடமே மார்வாவை முறைத்தது. அவள் உட்கார்ந்து தன் தட்டில் இருந்ததைக் கடைசிவரை சாப்பிட்டாள்.

திங்கள் காலை எடை மேடைக்குப் போனேன், தடுத்துவிடலாம் என்று. ஓட்டுப் போட மதியம் வரைதான் நேரம். வெளியே ஆறு லாரி நிற்கிறது, ஆளாளுக்கு ஹாரன் அடிக்கிறான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆஸ்ட்ராண்டர் ஸ்கோர்காரி பேசறேன். உங்ககிட்ட வந்த தாள்ல ஒரு பந்து பொய். நூத்தி எழுபத்தொம்போதுதான். ஓட்டு யாருக்கு வேணா போடுங்க, அது உங்க பாடு" என்று ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிராண்ட் கோச் ரொம்பக் குழைந்து நன்றி சொல்லியிருப்பாள் போல. மார்வாவுக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு நல்லது பண்றேன்னு நினைச்சுக்காதீங்க. நேரம் கிடைச்சா உங்க பொண்ணு ஆட்டத்தையும் ஒரு தடவை வீடியோ போட்டு எண்ணிப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஆட்ரா வாஸ் ஐந்து ஓட்டு. லேசி நாலு. மிச்சம் ஒன்று வேறொரு பெண்ணுக்கு. ஒரே ஒரு ஓட்டில் போயிற்று. லேசிக்கு லீக்கின் சிறந்த ஐவரில் ஓர் இடம் கிடைத்தது, அதை யார் கொண்டாடினார்கள்? சலூனில் அன்றைக்கு வந்தவன் எல்லாம் மார்வாவைத்தான் கரித்துக்கொட்டினான். டேல் தன் சோளத்தை இருபது மைல் தள்ளி வேறு கிடங்குக்கு ஓட்டிப்போனான். புதன்கிழமை ஹெக் போன் செய்து, இனிமேல் மேஜைக்கு வர வேண்டாம் என்று மார்வாவிடம் சொல்லிவிட்டார். இருபத்தேழு வருஷம் சம்பளம் வாங்காமல் எழுதியவளுக்கு ஒரு நிமிஷப் போன்.

வியாழக்கிழமை மாலை லீக் கோப்பைக்கான அரையிறுதி. எங்கள் ஜிம்தான், எதிரணி அதே பிராண்ட். தோற்றால் சீசன் முடிந்தது, லேசியின் ஆட்டமும் முடிந்தது. உட்கார இடமில்லை. மார்வா டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, கையில் பென்சில். இரண்டு பக்கத்திலும் ஆள் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் கவலைப்படவில்லை, கோடு கிழிக்க ஆரம்பித்துவிட்டாள்.

என் பக்கத்து நாற்காலியில் ஹெக்கின் மச்சான் உட்கார்ந்திருந்தான். "இன்னிக்கு லேசிக்கு இருபது ரீபவுண்டு, பாத்துக்கோ" என்று என் தோளில் தட்டினான். "பந்தைப் பிடிக்கவே வேண்டாம், நானே எழுதிடறேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். பெரும்பாதி என் மேலேயே வந்த கோபம். கடிகாரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். கூரையில் தொங்கிய பெரிய ஸ்கோர் பலகை இருண்டது.

ஹெக் பறந்து வந்தார். "ஆர்லோ! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மார்வா உட்கார்ந்தா ஓடும்."

"விளையாடறியா? ஆள் பாரு எத்தனை பேர்!"

"பாக்கட்டும். அந்தப் பந்து பொய், கையெழுத்துப் போட்ட கழுதை நான். வேணும்னா மைக்கைக் குடுங்க, அதையும் சொல்றேன்."

பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. "போடா கிழட்டு மடையா, பிளக்கைச் சொருகு!" என்று ஒருத்தன். அவனுக்கு மாசாமாசம் முடி வெட்டுகிறவன் நான். ரெஃப்ரி வந்து கடிகாரம் ஓட்ட வேறு ஆள் உண்டா என்று கேட்டார். அந்தப் பழைய பெட்டியை மூன்று இடத்தில் குத்தினால்தான் வேலை செய்யும், எங்கே குத்துவது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "பத்து நிமிஷம். அப்பவும் ஆரம்பிக்கலேன்னா பிராண்ட் ஜெயிச்சதா எழுதிட்டு நான் போய்க்கிட்டே இருப்பேன்" என்றார் ரெஃப்ரி.

மச்சான் எழுந்தான். ஹெக் மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கையை ஆட்டினார், வா என்று. மார்வா அசையவில்லை. நாயைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டால் வருகிறவளா அவள்? கடைசியில் அவரே படியேறிப் போனார்.

"வாங்க மார்வா. நடந்தது நடந்துபோச்சு."

"எத்தனை?" என்றாள்.

"என்ன எத்தனை?"

"லேசி பிடிச்சது எத்தனை?"

ஹெக்குக்கு முகம் சிவந்தது. "நூத்தி எழுபத்தொம்போது."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"நூத்தி எழுபத்தொம்போது!" என்று கத்தினார். ஜிம்முக்கே கேட்டது. ஆடுகளத்தில் பயிற்சிப் பந்து போட்டுக்கொண்டிருந்த லேசி நின்று திரும்பினாள். அத்தையைப் பார்த்தாள், மறுபடி பந்தை எடுத்துக்கொண்டாள்.

மார்வா இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ பண்ணினது பண்ணினதுதான் ஆர்லோ. எனக்குக் கோபம் போகல."

"போக வேண்டாம். இருக்கட்டும்" என்று பிளக்கைச் சொருகினேன்.

முதல் நிமிஷத்திலேயே ஆட்ரா குறிதவறினாள். பந்து வளையத்தில் மோதி உயரே போனது. அதன் கீழே பிராண்ட் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். லேசி பின்னாலிருந்து எம்பி, இரண்டு தலைக்கும் மேலே, பந்தைப் பிடுங்கினாள். மூன்று பேரும் சேர்ந்து எங்கள் மேஜை முன்னால் தடாலென்று விழுந்தார்கள். எழுந்தபோது பந்து லேசியின் நெஞ்சோடு இருந்தது, உதட்டில் ரத்தம். பந்தைத் தோழியிடம் வீசிவிட்டு, ஓடுவதற்கு முன்னால் மேஜைப் பக்கம் குனிந்து அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இதையாவது எழுதுவியா அத்தை?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சியேடி, எழுதாம?" என்று மார்வா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். "ஓடு! அடுத்ததைப் பிடி!"