கண் எரியாது என்று எழுத விடாதவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அச்சுவேலிச் சந்தைக்கு முன்னால் வான் வண்டியில் சவர்க்காரப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நின்றேன். கைத்தொலைபேசி அடித்தது. திரையில் திலகா அக்காவின் பெயர். "காலங்காத்தாலை என்ன பிழை பிடிச்சாவோ" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தேன். கதைத்தது அவருடைய தங்கை சாந்தி.

"குணம் அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. தேத்தண்ணி குடுக்கப் போனன், கதிரையிலை இருந்தபடியே…"

"விசர்க்கதை கதையாதேங்கோ!" என்று நான் கத்திவிட்டேன். சந்தையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தி அழுதார். அதற்குப் பிறகுதான் அது உண்மை என்று எனக்கு உறைத்தது.

செல்வி திலகவதி உடுப்பிட்டியில் பிறந்தவர். எங்கள் சிறிய சவர்க்காரத் தொழிலகத்தின் இரசாயனவியலாளர். நாங்கள் காய்ச்சுகிற, கலக்குகிற எதுவும் வெளியே போவதற்கு முன்னர் அது தோலைக் கடிக்குமா, கண்ணை எரிக்குமா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அதை விற்பது என் பொறுப்பு. ஆகவே நாங்கள் இருவரும் சண்டை பிடிப்பதற்கென்றே ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டவர்கள் என்று முதலாளி சொல்லிச் சிரிப்பார். நான் சத்தம் போடுகிறவன். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. எரிச்சல் என்னவென்றால், கடைசியில் வெல்வது அவர்தான்.

எங்களிடம் வருமுன்னர் அவர் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அங்கே முயல்களின் கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்பார்களாம். தலை மட்டும் வெளியே தெரியும்படி பெட்டியில் அடைத்து, ஒரு கண்ணில் துளி விட்டு, மற்றக் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அதைப்பற்றி அவர் என்னிடம் ஒரேயொரு தடவைதான் கதைத்தார். "முயலுக்கு எங்களைப்போலை கண்ணீர் வராது, குணம். துடைக்கக் கையும் வெளியிலை இல்லை. அது சத்தமும் போடாது. நான் பக்கத்திலை இருந்து, கண் எவ்வளவு சிவந்ததெண்டு பாத்துப் புள்ளி போடோணும்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து போய்க் கண்ணாடிக் குவளைகளைக் கழுவத் தொடங்கினார். ஏற்கெனவே கழுவி வைத்த குவளைகள் அவை.

அதனால் எங்கள் இடத்தில் முயல் இல்லை, முட்டைதான். புத்தூரில் சேவலும் கோழியும் சேர்ந்து மேயும் ஒரு வீட்டிலிருந்து கருக்கட்டிய முட்டைகளை வாங்கி வந்து அடைகாக்கும் பெட்டியில் வைப்பார். ஒரு வாரம் கழிந்து சில நாட்களானதும் ஓட்டின் மேற்பக்கத்தைச் சின்ன வாளால் அறுத்துத் திறப்பார். உள்ளே மெல்லிய சவ்வு இருக்கும். அதிலே சிவப்பு நரம்புபோல இரத்தக் குழாய்கள் ஓடும். நம்முடைய கண்ணின் மேற்பரப்பைப் போலவே அந்தச் சவ்வும் எரிச்சலுக்கு முகம் சுளிக்கும் என்பது அவர் எனக்குத் தந்த விளக்கம். அதன்மேல் நாங்கள் செய்த ஷாம்புவில் சில துளி விட்டுவிட்டு, கையில் கடிகாரத்தோடு குனிந்திருப்பார். நரம்பு வெடித்து இரத்தம் கசிகிறதா, சவ்வு வெளுத்துத் தடிக்கிறதா, எவ்வளவு கெதியில் என்று பார்ப்பார். பக்கத்தில் எப்போதும் வேறு இரண்டு முட்டைகள் இருக்கும். ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர், மற்றதில் நிச்சயமாக எரிக்கும் காரம். "ஏன் முட்டையை வீணாக்கிறியள்?" என்று கேட்டேன். "தெரிஞ்ச பதிலை முதல் கேக்கோணும். அதுக்குச் சரியாச் சொல்லுற முட்டைதான் தெரியாததுக்கும் சரியாச் சொல்லும்" என்றார்.

அந்தப் பருவத்துக் கருவுக்கு நோவு தெரியாது என்பதுதான் துறையில் உள்ளவர்களின் கருத்து. அவரும் அதை ஏற்றுத்தான் செய்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமையில் ஒரு முட்டையும் திறக்க மாட்டார். "நம்பாட்டிச் செய்யாதேங்கோ, நம்பினா வெள்ளியும் செய்யுங்கோ" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "உந்த வாயை வச்சுக்கொண்டு போய்ச் சவர்க்காரம் வில்லுங்கோ" என்பார்.

இந்த முட்டையால் ஒருமுறை தொழிலகமே மூடுகிற நிலைக்கு வந்தது. எலுமிச்சை சேர்த்த ஷாம்பு ஒன்றைச் சோதித்த காலம் அது. பின்வளவுக் குப்பைக் கிடங்கைக் கிளறிய எங்கள் தொழிலகப் பெண்கள் உள்ளே இரத்தம் கோடோடின முட்டை ஓடுகளையும் அறுத்த எலுமிச்சம்பழங்களையும் ஒன்றாகக் கண்டுவிட்டார்கள். கேட்கவும் வேண்டுமா? ஆரோ செய்வினை செய்து புதைத்துவிட்டார்கள் என்று அன்று பின்னேரமே அச்சுவேலி முழுக்கக் கதை. அடுத்தநாள் அரைவாசிப் பேர் வேலைக்கு வரவில்லை. செய்வினையை எடுக்கக் கழிப்புக் கழிக்கிற ஒருவரைக் கூட்டி வருவோமா என்று முதலாளியே யோசித்தார். திலகா அக்கா ஒருவரையும் ஏசவில்லை. வராதவர்களையும் வீட்டுக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டு, எல்லாரையும் ஆய்வறையில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவர் கையிலும் துளிக்குழாயைக் கொடுத்து, முட்டையில் விடச் சொல்லிப் பார்க்க வைத்தார். கடைசியாக நின்ற அம்மா ஒருத்தி உள்ளே நரம்பு வெடித்து இரத்தம் கசிவதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ பிள்ளை, உதைத்தானோ நாங்கள் தலையிலை வாக்கிறம்?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தக் கலவையை விற்கவேண்டும் என்று நானும் வாய் திறக்கவில்லை.

ஆனால் எங்கள் பெரிய சண்டை குழந்தைகளுக்கான ஷாம்புவில்தான் வந்தது. கொழும்பில் பல கடைகள் வைத்திருந்த ஒரு வியாபாரி அதை எடுக்கச் சம்மதித்திருந்தார். போத்தலில் இரண்டே இரண்டு சொற்கள் இருக்கவேண்டும் என்றார்: 'கண் எரியாது'. நான் உடனே ஓம் என்றுவிட்டேன். அந்த வியாபாரம் கிடைத்தால் எங்கள் தொழிலகம் நிமிர்ந்துவிடும், கிடைக்காவிட்டால் குடாநாட்டுக் கடைகளோடு முடங்கிக் கிடக்கவேண்டியதுதான். அது எல்லாருக்கும் தெரியும். திலகா அக்காவுக்கும் தெரியும். அவருடைய கையெழுத்து இல்லாமல் லேபல் அச்சுக்குப் போகாது என்பது எங்கள் நடைமுறை. அவர் முட்டையில் விட்டுப் பார்த்தார். மெல்லிய கசிவு இருந்தது. கையெழுத்து வைக்க முடியாது என்றார்.

"மெல்லிசுதானே!" என்றேன்.

"மெல்லிசு எண்டாலும் கசிஞ்சது."

"எங்கடை அம்மாமார் அரப்பு அரைச்சுத் தலையிலை வச்சுத்தானே எங்களைத் தோய வாத்தவை? கண் அவிஞ்சே போச்சு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அரப்பு எரியும் எண்டு எல்லாருக்கும் தெரியும், குணம். கண்ணை இறுக்கி மூடு எண்டு சொல்லித்தான் வாப்பினம். எரியாது எண்டு சொல்லிப்போட்டு ஒருத்தரும் வாக்கேல்லை. நீங்கள் எழுதினா, தாய் உங்களை நம்பிப் பிள்ளையின்ரை கண்ணைப் பொத்த மாட்டா."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் இருந்த போத்தலை எடுத்தேன். "இப்ப பாருங்கோ!" என்று என் வலது கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு அதற்குள் ஒரு துளியைப் பிழிந்தேன். கடவுளே! மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டவன் போலத் துடித்தேன். ஆனாலும் வாயால் விடவில்லை. "எரியேல்லை! ஒண்டும் செய்யேல்லை!" என்று நின்றேன். கண்ணீர் வழிந்து நான் போட்டிருந்த சேட்டை நனைத்தது.

அவர் ஓடிவந்தார். அவர் ஓடி நான் கண்டது அன்றுதான். என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டுபோய், தலையைச் சரித்து, இமைகளை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை ஓடவிட்டார். "காணும், விடுங்கோ அக்கா" என்று நான் எத்தனை தரம் சொல்லியும் விடவில்லை. கால் மணித்தியாலமாவது குனிந்தபடி பிடித்திருப்பார். கடைசியில் துவாயைத் தந்துவிட்டு, "உங்கடை ஒரு கண்ணும் உங்கடை ரோசமும் சேந்து சொல்லுறதை நான் என்னெண்டு எழுதிறது?" என்று கேட்டார். அந்த முயல்களுக்கு அவரால் செய்ய முடியாமல் போனதை எனக்குச் செய்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அது புத்தியில் ஓடவில்லை. அவரோடு கோபித்துக்கொண்டு சில நாள் கதைக்காமல் திரிந்தேன்.

கொழும்பு வியாபாரி வேறிடம் போய்விட்டார். திலகா அக்கா கலவையை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தார். நுரை குறைந்தது, மணம் குறைந்தது, என் பொறுமையும் குறைந்தது. கடைசியில் ஒருநாள் முட்டையில் கசிவே இல்லை. அதோடும் அவர் விடவில்லை. மனிதக் கண்ணின் மேற்படை போலத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் பார்க்கும் ஓர் இந்திய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அங்கும் சரி என்று வந்தது. நான் துள்ளிக்கொண்டு போனேன்.

"இனி எழுதலாம்தானே அக்கா?"

"முட்டையிலை பாத்தம், தட்டிலை பாத்தம். பிள்ளையின்ரை கண்ணிலை பாக்கேல்லை, பாக்கவும் மாட்டம். வேணுமெண்டா 'குறைவாய் எரியலாம்' எண்டு எழுதுவமே?"

"உதை எழுதினா எந்தத் தாயக்கா வாங்குவா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? கடைசியில் போத்தலில் போனது, 'கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும்' என்ற வரி. இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. நாங்கள் பெரிய கொம்பனியாகவில்லை. அதற்கு ஆர் காரணம் என்று கேட்டால் திலகா அக்காவின் பெயரைத்தான் சொல்வேன். அதைக் குறையாகச் சொல்கிறேனா, பெருமையாகச் சொல்கிறேனா என்பது அன்றன்றைய விற்பனையைப் பொறுத்தது. ஆனால் என் பேரப்பிள்ளையைத் தோய வார்ப்பது அந்தப் போத்தலால்தான்.

புதன்கிழமை உடுப்பிட்டியில் செத்தவீடு. நான் ஒரு மூலையில் நின்றேன். உடலை நீராட்டுவதற்கு முன்னர் எண்ணெயும் அரப்பும் வைக்க உரித்தானவர்களைக் கூப்பிட்டார்கள். அவருக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. சாந்தி என்னைத் தேடி வந்து, "அண்ணை, நீங்களும் வையுங்கோ. நெடுகச் சண்டை பிடிச்ச உரித்து உங்களுக்குத்தான் இருக்கு" என்றார். நான் அழுதபடியே போய் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்ற பெரியம்மா ஒருவர் அழுத அழுகையில் அரப்பை அள்ளித் திலகா அக்காவின் உச்சியில் வைத்துவிட்டார். அது கரைந்து நெற்றியால் இறங்கியது. இறங்கிப் புருவத்தைத் தொட்டது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் அவர் புருவத்துக்கு மேல் அணையாக வைத்துக்கொண்டு, "கண்ணிலை படப்போகுது! ஆராவது தண்ணி கொண்டு வாங்கோ!" என்று கத்தினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் செத்தவருக்கு இனி என்ன எரியப்போகிறது என்று கேட்கவுமில்லை. சாந்திதான் செம்போடு வந்தார். நான் பிடித்திருக்க, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக வார்த்தார். அரப்பெல்லாம் போய்த் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை நான் கையை எடுக்கவில்லை.

திலகா அக்கா, நீங்கள் இருக்கும்வரை என்னை எழுத விடாத அந்த இரண்டு சொற்களை இன்று உங்கள் கையெழுத்து இல்லாமலே எழுதப் போகிறேன். சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்க வழியுமில்லை. வழக்கம்போல ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா. இனிக் கண் எரியாது.