இரத்தத்தில் எழுதிய கிளாக்கர்

என் அத்தையின் நாக்கைப் பார்த்த அளவுக்கு வேறெவர் நாக்கையும் நான் இத்தனை அருகில் பார்த்ததில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள். மலைநாட்டில் றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு நிற்பார்கள். என் அப்பாவின் தங்கையான அத்தை முன்னால் வந்து, இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை முழ நீளத்துக்கு நீட்டுவார். விழுங்கிவிட்டாரா என்று நான் டோர்ச் அடித்து மேலே, கீழே, கன்னத்துக்குள் துருவுவேன். தோட்ட மருந்தகத்தில் நான் உதவியாளன். பள்ளிப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் மட்டும் தேறியதால் என்னை நானே பாதி டாக்டராக எண்ணிக்கொண்டிருந்த காலம். மற்றப் பாதி இன்றுவரை வந்து சேரவில்லை.

நாலு வருடமாக மாத்திரை கொடுத்தும் அத்தைக்கு இரத்தம் ஏறவில்லை. முகம் வெளுத்திருக்கும், மலை ஏறினால் மூச்சு வாங்கும். எங்கள் டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து தந்தும் குணமாகாத உடம்பை அவர் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்வார். "தம்பி, உம்மட அத்தை குளிசையை விழுங்கிறேல்லை. தேயிலைக்குப் பசளையாப் போடுறா" என்றார். அத்தையின் மருத்துவக் கொப்பியில் சிவப்பு மையால் 'மாத்திரை உட்கொள்வதில்லை' என்று எழுதினார். மை கலையாமல் ஊதிக் காயவைத்த பெருமை எனக்குரியது.

"பசளையாப் போட்டிருந்தா அந்தச் செடி இந்நேரம் எந்திரிச்சு நடந்திருக்கும்" என்றார் அத்தை. மாத்திரையை விழுங்கினால் வெளிக்குப் போவது கறுப்பாக இருக்க வேண்டுமே என்று நான் விஞ்ஞானம் பேசினேன். "அப்ப நாளைக்கு விடிய லயத்து வீட்டுக்குப் பின்னால வா மருமகனே, காட்டுறேன்." நான் போகவில்லை. விஞ்ஞானத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

எனக்கு வேடிக்கையாக இருந்தது அவருக்கு வேடிக்கையாக இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும் வரிசையில், "மாத்திரையத் துப்புறவ பேச்ச யாரு நம்புவா?" என்று சொல்லியே அவரைப் பின்னால் தள்ளினார்கள். மூச்சு வாங்குகிறது என்றால் சோம்பல் என்றார் கங்காணி. உடம்பில் இரத்தம் குறைந்ததை அத்தை தாங்கினார். சொல்லுக்கு மதிப்புக் குறைந்ததைத் தாங்கவில்லை. ஒருநாள் என் சட்டையைப் பிடித்தார். "நாக்கப் பாத்தது போதும். ரத்தத்தப் பாக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சிங்களப் பெண் டாக்டர். சிவப்பு எழுத்தைப் படித்தார். பிறகு அத்தையின் முகத்தையும் கொஞ்ச நேரம் படித்தார். இரத்தம் எடுத்துக் கண்டிக்கு அனுப்பினார். சில வாரம் கழித்துப் போனபோது, உடம்பில் இரும்பு தாராளமாக இருக்கிறது, விழுங்காதவர் உடம்பில் இவ்வளவு சேராது என்றார். சிவப்பணுக்கள் பிறவியிலேயே சிறுத்தவை. தலசீமியா என்ற நோயை அத்தை சுமக்கிறார், ஆனால் நோயாளி அல்ல. இரத்தம் உண்டாக்கும் குறிப்பு தலைமுறை தலைமுறையாக மரபணுவில் எழுதப்பட்டு வருகிறது. அதில் ஓர் எழுத்து மாறிவிட்டது. கடையில் பாண் வாங்குமளவுக்கே சிங்களம் தெரிந்த நான் இவ்வளவையும் இப்படி மொழிபெயர்த்தேன்: "அத்தை, ஒங்க ரத்தத்துல எழுத்துப் பிழ இருக்காம்."

அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிறப்புப் பத்திரத்தில் பெயரின் ஓர் எழுத்தை யாரோ மாற்றி எழுதியதால் அடையாள அட்டைக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர் அவர். "பத்திரத்துலதான் தப்பா எழுதுனானுங்க, ரத்தத்துலயுமா? எந்தக் கிளாக்கரு அது?"

டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, இந்தப் பிழையைத் திருத்த முடியாது, ஆனால் இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை என்றார். இப்படிச் சுமக்கும் இருவர் கல்யாணம் செய்தால் பிள்ளைக்கு நோய் முழுதாக வரலாம், ஆகவே இரத்த உறவுகளும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் ஊருக்கே முன்மாதிரியாகச் சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினேன்.

என் அறிக்கையும் வந்த மறுநாள், அத்தை என்னைப் பெரட்டுக் களத்தின் நடுவில் நிறுத்தினார். "சத்தமா வாசி மருமகனே. பொய்க்காரின்னு சொன்னப்ப தொண்ட நல்லாத்தானே இருந்துச்சு."

அத்தையின் அறிக்கையை வாசித்தேன். டிஸ்பென்சர் ஐயா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அத்தை கொப்பியை அவரிடம் நீட்டினார்.

"அந்தச் செவப்பு எழுத்த வெட்டுங்க ஐயா. ரத்தத்துல உள்ளத வெட்ட முடியாதாம். இத வெட்டலாம்தானே?"

ஐயா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். "சரியம்மா, வெட்டிறன். பிழை என்னிலதான்" என்றார். சொன்னபடி வெட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். "கையில இன்னொரு கடுதாசி இருக்கே, அது யாருது?" என்றார் அத்தை. என்னுடையது. அதிலும் அதே எழுத்து, அதே பிழை. என் பாட்டன் சொத்தில் என் பங்குக்கு வந்தது அது ஒன்றுதான். மெதுவாகத்தான் சொன்னேன். பின்னால் நின்றவர்களும் கேட்க முன்னால் வந்தார்கள்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீயும் துப்புனியா மருமகனே?"

மலையே சிரித்தது. அன்று பீலியில் அத்தைக்கு முதலிடம் விட்டார்கள். அவர் வேண்டுமென்றே குடம் வழிய வழிய நின்றார்.

இப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் சிற்றூழியன். 'தோட்டப் பெண்கள் மாத்திரை விழுங்குவதில்லை, அவர்களுக்கு அறிவூட்ட வேண்டும்' என்று கூட்டங்களில் இன்றும் யாராவது பேசுகிறார்கள். நான் எழுந்து, "அவங்க ரத்தத்த அனுப்பிப் பாத்தீங்களா?" என்று கேட்பேன். உட்காரச் சொல்வார்கள். எங்கள் பரம்பரைக்கு இரத்தம் கொஞ்சம் குறைவு. அதிக நேரம் நின்றால் தலை சுற்றும். ஆனாலும் பதில் வரும்வரை நான் உட்காருவதில்லை.