நாற்பத்தொன்றாம் எண் தாடை

வெர்லின் ஆஸ்கார்டின் பக்கத்து மேஜையில் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஒரு பக்கம்கூட நிரம்பாது. அறுபத்தொரு வயது, குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் தனி வீடு, பழைய பிக்கப் வண்டி. மத்தியானம் அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து சூப் குடிப்பார். பிப்ரவரியிலிருந்து சூப் மட்டும்தான். "என்ன பெருசு, பல்லெல்லாம் போச்சா?" என்று ஒரு நாள் கேட்டேன். "அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு விட்டுவிட்டேன். என் வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

எங்கள் வேலை இதுதான். மருத்துவமனையிலிருந்து நோயாளியின் எலும்பு ஸ்கேன் வரும். பெயர் இருக்காது, எண் மட்டும். அதிலிருந்து எலும்பின் மேற்பரப்பை முக்கோண முக்கோணமாக வலை பின்னிக் கணினியில் வைப்போம். அது வெறும் தோல்தான். உள்ளே திடமாக நிரப்பினால்தான், பொருத்தப்போகும் தகடு எவ்வளவு பாரம் தாங்கும், திருகு எங்கே போடலாம் என்று கணக்குப் பார்க்க முடியும். தோலில் ஒரு கிழிசல் இருந்தாலும் கணினி நிரப்பாது. ஒரு பக்கம் தைக்காத தலையணை உறைக்குள் பஞ்சு அடைக்க முடியுமா? கிழிந்த ஓரங்களைச் சிவப்புக் கோடாகக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

ஏப்ரல் முதல் வாரம், திங்கட்கிழமை, நாற்பத்தொன்றாம் எண் வந்தது. கீழ்த்தாடை. இடது பக்கம் கட்டி, வெட்டி எடுத்துத் தகடு வைக்க வேண்டும். புதன் நாலு மணிக்குள் தகடு செய்பவர்களுக்குக் கோப்பு போயாக வேண்டும். வெர்லின் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். நிரப்பப் பார்த்தார், கணினி மறுத்தது. முப்பத்தேழு சிவப்புக் கோடுகள்.

மறுநாள் சாயங்காலம் வரை ஒவ்வொரு கோடாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரட்டையாகக் கிடந்த முக்கோணங்களை நீக்கினார். ஒன்றையொன்று குத்திக்கொண்டு நின்றவற்றைப் பிரித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கிளம்பிய பிறகு கோப்பைத் திறந்து, எல்லா ஓட்டைகளையும் அடைக்கும் பொத்தானை அமுக்கினேன். ஒரே நொடி. சிவப்பு போயிற்று, திடம் நிரம்பியது. எங்கள் மேலாளர் கார்டியிடம் போய் முடிந்தது என்றும் சொல்லிவிட்டேன்.

புதன் காலை வந்து பார்த்தால் பழையபடி சிவப்பு.

"நான் பண்ணதைக் கலைச்சிட்டீங்களா?"

"கலைச்சிட்டேன்."

"நல்லா நிரம்பியிருந்துச்சே. இன்னிக்கு நாலு மணிக்குப் போகணும், ஞாபகம் இருக்கா?"

"வா, இங்க பாரு." திரையில் தாடையின் இடது முன்பக்கத்தைக் காட்டினார். "இதையும் சேர்த்து அடைச்சிருக்க. இது கிழிசல் இல்ல டார்லா. நெசமான ஓட்டை. உதட்டுக்குப் போற நரம்பு இது வழியாத்தான் வெளிய வருது. அடைச்சிட்டா இங்க கெட்டி எலும்புன்னு கணக்கு சொல்லும். சரியா இங்கதான் ஒரு திருகு வரும். அப்புறம் இந்த ஆளுக்கு ஆயுசுக்கும் கீழுதடு மரத்துப்போகும். எச்சில் வழியறதுகூடத் தெரியாது."

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் கோபத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை. "அறுக்கறப்ப டாக்டர் பார்த்துக்க மாட்டாரா?" என்றேன்.

"பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம்." பக்கத்தில் ஒரு பழைய முறிவுத் தழும்பைத் தடவுவதுபோல் அம்புக்குறியை நகர்த்தினார். "பதினாறு வயசுல ஐஸ் ஹாக்கி ஆடறப்ப வட்டு பட்டு உடைஞ்சது. அதான் ஸ்கேன்ல இங்க இவ்வளவு குழப்பம்."

"எலும்பைப் பார்த்தே ஜாதகம் சொல்லுவீங்க போல."

அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். நரம்பு போகும் குழாய்க்கு உள்சுவர் ஒன்றை முக்கோணம் முக்கோணமாகக் கையாலேயே கட்டி, வெளித்தோலோடு தைத்தார். ஓட்டை ஓட்டையாகவே இருந்தது, கிழிசல் இல்லை. மூன்றே முக்காலுக்குத் திடம் நிரம்பியது. திருகை ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்து அனுப்பினார்.

அடுத்த திங்கள் முதல் லீவு. மீன் பிடிக்கப் போகிறேன் என்றார். மீன்பிடி சீசன் மே மாதம்தான் திறக்கும்; இப்போது ஏரியில் பனிக்கட்டி உடையும் நேரம், யாரும் மீன் பிடிக்கப் போக மாட்டார்கள். இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் என் திரைக்குத் திரும்பிவிட்டேன்.

லீவு தொடங்கிய வாரம் வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து போன். "ஆஸ்கார்டை இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பறோம். கூட்டிட்டுப் போக ஆள் வந்தாத்தான் விடுவோம். உங்க பேரைக் கொடுத்திருக்காரு."

"என் பேரையா?"

"ஆமா. உறவுங்கிற இடத்துல 'பக்கத்து மேஜை'ன்னு எழுதியிருக்காரு. அப்படின்னா என்னங்க?"

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இடது தாடை வீங்கி, கட்டுப் போட்டு, சக்கர நாற்காலியில் வாசலில் காத்திருந்தார். வழியில் கேட்டேன்: "நாற்பத்தொன்று நீங்கதான்னு ஏன் சொல்லல?"

வார்த்தைகள் குழறின. "சொன்னா, என் எலும்பை நானே பார்க்கக் கூடாதுன்னு கோப்பை வேற ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. அங்க உன்னை மாதிரி ஒருத்தி பொத்தானை அமுக்கியிருப்பா."

வாங்கிக்கட்டிக்கொண்டேன். சாலையைப் பார்த்து வண்டியை ஓட்டினேன்.

அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி. அவரை அதில் உட்காரவைத்துவிட்டு டப்பா சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தேன். கரண்டியை உதட்டருகே கொண்டுபோனவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கீழுதட்டின் இடது ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சுடுது," என்றார்.

நான் தொட்டிப் பக்கம் திரும்பி, கழுவ ஒன்றும் இல்லாத கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். கண்ணீர் நிற்கவில்லை. நான் ஒரே நொடியில் அமுக்கிய பொத்தானை அவர் கலைக்காமல் விட்டிருந்தால், அந்தச் சூடு அவருக்குத் தெரிந்தே இருக்காது.

"ஊதிக் குடிங்க," என்றேன் திரும்பாமலே.

இன்னொரு கரண்டி ஊதிக் குடித்தார். "ஏன் நின்னுட்டே இருக்க?" என்றார். "கராஜ்ல ஒரு மடக்கு நாற்காலி கிடக்கு, உறைஞ்ச ஏரி மேல உக்காந்து மீன் பிடிக்கறப்ப போடறது. எடுத்துட்டு வா."

போய் எடுத்துவந்து விரித்துப் போட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.