அடுப்புக்கு மேலே ஒரு குளிர்

மல்சுன் என்றால் கடைசிப் பெண் என்று அர்த்தம். வரிசையாக ஐந்தும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பா வைத்த பெயர். அது பலிக்கவும் செய்தது, அடுத்தது ஆண். வெளியே அடுப்பை மூட்டினால் தரைக்கு அடியில் சூடு ஓடும் அந்தக் கொரிய வீட்டில், அடுப்புக்கு நேர் மேலே இருந்த சூடான இடம் அப்பாவுக்கும் தம்பிக்கும். கதவோரத்துச் சில்லிட்ட தரை மல்சுனுக்கு. விறகு சுமந்தவளும் அவள்தான்.

அறுபத்திரண்டு வயதிலும் அதே வேலைதான் செய்தாள். இடம்தான் பெரிது. சியோலின் பழைய அரண்மனையில், பின்தோட்டத்து வீடுகளுக்குத் தீ மூட்டினாள். ஆளில்லாத அறைக்கு எதற்குத் தீ என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. அவ்வப்போது சூடேறாவிட்டால் தரை ஈரம் கோத்து, மரத்தைப் பூச்சி தின்றுவிடும். அரண்மனை மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில், தாமரைக் குளம் உறைந்து கிடக்க, யாருக்கும் இல்லாத அறைகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கிக்கொண்டு போவாள். பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் பயந்ததில்லை.

அந்த டிசம்பரில் பயந்தாள். குளத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் பணிப்பெண்கள் இருந்த சின்ன அறை. தீ மூட்டிவிட்டு உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். எல்லா இடமும் சுட்டது. அடுப்புக்கு நேர் மேலே, கை வைக்க முடியாமல் கொதிக்க வேண்டிய இடத்தில், விரல் விறைத்தது. தடவத் தடவ அந்தக் குளிருக்கு ஓர் உருவம் தெரிந்தது. ஒரு தோள், ஒடுங்கிய இடுப்பு, மடக்கிய முழங்கால். பதினைந்து வயதுப் பெண் ஒருக்களித்துப் படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

கொத்தனார் வந்து புகைவழியைக் குடைந்து பார்த்து, அடைப்பே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் பான் காலணியோடு வாசலில் நின்றபடியே பேசினார்.

"சனிக்கிழமை இந்த ரூமை ஜனங்களுக்குத் திறக்கறோம்மா. உக்காந்து பாப்பாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா கரண்ட் பாயை விரிச்சுட வேண்டியதுதான். அப்புறம் தீ மூட்ட ஆள் எதுக்கு, சொல்லுங்க."

மல்சுன் மறுபடியும் குனிந்து தரையைத் தடவினாள். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. இந்த வேலையும் போனால் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருக்காது, பேச ஓர் ஆள் இருக்காது.

வெள்ளிக்கிழமை ஒரு போர்வையும் மூடி போட்ட கிண்ணத்தில் சுடுசோறும் கொண்டுவந்தாள். வெளியே போனவர் திரும்பும்வரை சோற்றைப் போர்வைக்குள் பொதிந்து சூடான இடத்தில் வைப்பது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். அவளுக்காக யாரும் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். குளிர்ந்த இடத்தில் கிண்ணத்தை வைத்து மூடினாள்.

"சாப்பிடு கண்ணு. நாளைக்கு மட்டும் கொஞ்சம் எடம் விட்டுக் குடு. எனக்கு இத விட்டா வேற போக்கிடம் இல்ல."

வாசலில் காலணியை மாட்டும்போது, பழக்கதோஷத்தில் இன்னொன்றும் சொன்னாள்.

"ஒரு நாள் நம்ம வீட்டுக்கும் வா, சாப்பிடலாம்."

சியோலில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வது அது. பல்பிடுங்கும் டாக்டரிடம்கூடச் சொல்வார்கள். யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை தரை முழுக்கச் சுட்டது. கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள். சோறு வைத்தபடியே இருந்தது, கொதிக்கும் தரையில் பனிக்கட்டியாக இறுகி. அவள் அதை அவசரமாகப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

கூட்டம் வந்தது. வாடகைக்கு எடுத்த அரச உடையில் இளம் பெண்கள் குளத்தங்கரையில் படம் எடுத்துக்கொண்டார்கள், அந்த உடையில் வந்தால் அனுமதி இலவசம். பூசானிலிருந்து வந்த ஓர் அம்மாள் சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். அடுத்த குளிர்காலமும் நீங்கள்தான் என்று பான் சொல்லிவிட்டுப் போனார். மல்சுனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். மேட்டுத் தெருவில் ஒற்றை அறை. தரைக்கு அடியில் சுடுநீர் ஓட்டும் கொதிகலனைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தரையைத் தடவினாள். சுட்டது. அவள் வழக்கமாகப் படுக்கும் இடத்துக்கு வந்ததும் விரல் விறைத்தது. தோள். இடுப்பு. மடக்கிய முழங்கால்.

கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை ஓடினாள். கதவைத் திறந்தவளுக்கு, யார் வீட்டுக்குப் போவது என்று தெரியவில்லை. அங்கேயே நின்றாள். கூப்பிட்டது அவள்தான். அறுபத்திரண்டு வருடத்தில் கூப்பிட்டதற்கு வந்த ஒரே ஆள் இது.

கதவைச் சாத்தினாள். இரண்டு கிண்ணத்தில் சோறு போட்டாள். ஒன்றைத் தான் சாப்பிட்டாள், மற்றதை மூடி அந்த இடத்தின் தலைமாட்டில் வைத்தாள். பிறகு போர்வையை இழுத்து இரண்டு பேருக்கும் எட்டும்படி விரித்து, சுவரோரமாக முதுகைக் காட்டிப் படுத்தாள். குளிர் எலும்புவரை ஏறியது.

"கொஞ்சம் தள்ளிப் படு, கண்ணு. எனக்கும் குளிருது."

சற்று நேரத்தில், அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்குத் தரை சூடேறியது.