சுண்ணாம்புக்கல் பங்களாவும் நான் பூசிய சிமெண்டும்

பாளையங்கோட்டையில் நான் குடியிருப்பது என் பூட்டன் கட்டிய சுண்ணாம்புக்கல் பங்களா. வெள்ளைக்காரனிடம் குமாஸ்தாவாக இருந்தவர், அவன் பங்களாவைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஒன்று கட்டினார். முகப்பில் நாலு உருண்டைத் தூண்கள், ஆள் உயர ஜன்னல்கள், இரண்டு முழம் தடிமனில் சுவர். கக்கூஸ் கட்டத்தான் மறந்துவிட்டார்.

"முழுக்கக் கல்லு வே, முழுக்கக் கல்லு" என்று எங்கள் குடும்பத்து ஆண்கள் மார்தட்டுவார்கள். கிறிஸ்துமஸ் தோறும் அந்தக் கல்லுக்கு வெள்ளையடித்தது பெண்கள். சுண்ணாம்பில் வெந்த விரல்களோடு கோயிலில் கைகூப்பி நிற்போம்.

எனக்கு வெறுத்துப்போனது. பழைய பூச்சின் மேலேயே சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்டும் அடித்தேன். ஐப்பசி மழையில் சுவரெல்லாம் கொப்புளம். பாதி வீட்டுக்குச் சொந்தக்காரனான அண்ணன் சென்னையிலிருந்து வந்து விரலால் குத்திப் பார்த்தான்.

"ஏட்டி, செவுரு அழுகிட்டு. இடிச்சிட்டு ஃப்ளாட் கட்டுவோம். ஒனக்கு ரெண்டாவது மாடி."

"முட்டுவலியோட மாடிக்கு எப்படி ஏற? நீ தூக்கிட்டுப் போவியா?"

அடுத்த வருஷக் கிறிஸ்துமஸ் வரை கெடு வைத்தான். அதற்குள் சுவர் காயாவிட்டால், இடிக்க நான் கையெழுத்துப் போட வேண்டும்.

கொத்தனார் வந்து சுவரைத் தட்டினார். "யக்கா, இதுக்கு ரெயின்கோட்டு போட்டது யாரு?"

"நாந்தான்."

"படிச்சவிய வேலைன்னு பாத்தாலே தெரியுது. சுண்ணாம்புச் செவுரு ஈரத்தக் குடிச்சி வெளிய விடும். நீங்க அது வாயப் பொத்திட்டிய."

கோடையில் சிமெண்டு முழுவதையும் கொத்தினார். முன்பக்கம் நல்ல கல். பின்கட்டைக் கொத்தியபோதுதான் சிரித்தார். உள்ளே களிமண்ணும் உடைந்த செங்கலும். அதன்மேல் சுண்ணாம்பைப் பூசி, கல் அடுக்கியது போலக் கோடு கிழித்து ஏமாற்றியிருக்கிறார் பூட்டன்.

"பெரிய களவாணியால்லா இருந்திருக்காவ! மூடிப் பூசிரவா யக்கா? ஒரு பயலுக்கும் தெரியாது."

இரண்டு நாள் யோசித்தேன். மூடத்தான் ஆசை. ஆனால் அந்த மண் தலையில் விழுந்தால் விழுவது என் தலையில்தான். முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு பூசச் சொன்னேன். பின்கட்டுக்குத் தார்ப்பாய்.

மழை முடிந்து அண்ணன் வந்தான். முன்சுவரில் உள்ளங்கையை வைத்தான், கன்னத்தை வைத்தான். காய்ந்திருந்தது. மூஞ்சி சுருங்கிப்போனது. நானே கூட்டிக்கொண்டுபோய்ப் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினேன்.

களிமண்ணை விரலால் நோண்டிப் பார்த்தான். "அப்பாவுக்கு இது தெரியுமாட்டி?"

"தெரிஞ்சா அந்தப் பீத்து பீத்தியிருப்பாவளா? பின்கட்ட இடிச்சி என்ன எழவையும் கட்டிக்க. முன்கட்டுல கை வச்சே, கைய ஒடிச்சிருவேன்."

முன்கட்டு எனக்கு என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தான். கொடுத்த கையோடு, கடப்பாரையைத் தூக்கிப் பின்சுவரில் ஒரு போடு போட்டான். கொத்தனார் ஓடிவந்து பிடுங்கினார்.

"அண்ணாச்சி, மேல உத்தரம் கெடக்கு! முட்டுக் குடுக்காம இடிச்சிய, பூட்டனார நேர்லயே பாத்துக் கேட்டுக்கிடுவிய!"